கிழக்குப் பாதியில் யார் வீட்டு மாடு?

வெஸ்ட் கார்பெட், வெர்மாண்ட்
1872 செப்டம்பர் 2

திருமதி கெசையா ஹார்வுட் அவர்களுக்கு,

ஜோதாம் டில்சன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே உங்கள் சுகத்தை விசாரிப்பது வழக்கம் என்பதால் விசாரிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா எழுதிவைத்த உயிலின்படி பழைய கொட்டகையின் மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி உங்களுக்கு. நடுவிலுள்ள போரடிக்கும் களத்தில் இருவரும் வண்டி ஓட்டிக்கொள்ளலாம். ஒருவர் பாதியில் இன்னொருவர் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. ஆறு வருஷமாக இதை நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து வருகிறேன். என் பாதிக்குப் புதுக் கூரைப்பலகை போட்டேன், பக்கச் சுவருக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். உங்கள் பாதியில் ஒரு ஆணிகூட அடித்தது கிடையாது. அது இன்று எந்த லட்சணத்தில் நிற்கிறது என்பதை இத்துடன் வரும் படத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

படம் வந்த கதை இது. ஜூலையில் பாஸ்டனிலிருந்து மிஸ் வின்ஷிப் என்று ஒரு அம்மாள் வந்து எதிர் வீட்டில் தங்கினாள். ஒரு குடை, மடக்கு முக்காலி, தகரப் பெட்டியில் சாயம், பாட்டிலில் தண்ணீர். பதினோரு நாள் சாலையோரத்தில் உட்கார்ந்து நம் கொட்டகையையே வரைந்தாள். "ஏம்மா, போன வருஷம்தான் தேவாலயத்துக்கு வெள்ளையடிச்சோம். அதை வரையக் கூடாதா?" என்று கேட்டேன். "வெள்ளையடிச்ச சுவர்ல வரையறதுக்கு என்ன இருக்கு? எனக்கு அந்தக் கிழக்குப் பக்கம்தான் வேணும்" என்றாள். அந்தப் பக்கம் இற்றுக் கிடப்பதற்கு என் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பாஸ்டன்காரர்கள் நினைத்துவிடக் கூடாதே. அதனால் எது யாருடைய பாதி என்று படத்தின் கீழே எழுதச் சொன்னேன். சிரித்தாள், எழுதவில்லை. இரண்டு படம் வரைந்தவள், ஊருக்குக் கிளம்பும்போது சின்னதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் முதுகில் நானே எழுதிவிட்டேன்: மேற்கு ஜோதாம், கிழக்கு கெசையா.

இந்தக் குளிர்காலத்துப் பனியை உங்கள் கூரை தாங்காது. இரண்டு பாதிக்கும் முகட்டு உத்தரம் ஒன்றுதான். உங்களுடையது விழுந்தால் என்னுடையதையும் இழுத்துக்கொண்டுதான் விழும். ஆகவே உங்கள் பாதியை எனக்கு விற்றுவிடுங்கள். விலையை நீங்களே சொல்லுங்கள், நான் பேரம் பேசப்போவதில்லை. பனி விழுவதற்கு முன் பதில் தேவை.

இப்படிக்கு,
பக்கத்துப் பாதியின் சொந்தக்காரன்,
ஜோதாம் டில்சன்

*

ஸ்டில்வெல் கிரீக், ஐயோவா
1872 செப்டம்பர் 16

அடேய் ஜோதாம்,

"நீங்கள்", "அவர்களுக்கு" என்றெல்லாம் எழுத எப்போது கற்றுக்கொண்டாய்? என் பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அலைந்த பயல் நீ. என்னை அக்கா என்று கூப்பிட இஷ்டமில்லை என்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. திருமதி ஹார்வுட் என்று இங்கே என்னைக் கூப்பிடுகிறவர் தபால்காரர் ஒருவர்தான்.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் ஓரின் வெண்ணெய்க் கத்தியாலேயே பெட்டியின் ஆணிகளை நெம்பித் திறந்தார். கத்தி வளைந்துவிட்டது. என்னை வெட்கப்படுத்தத்தானே அனுப்பினாய்? இங்கே நடந்த கதையைக் கேள்.

எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் கிடையாது என்று உனக்குத் தெரியும். தெரியாது, நீதான் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லையே. புல், வானம், மறுபடியும் புல். அப்படிப்பட்ட ஊரில் அடுப்புக்கு மேலே அந்தப் படத்தை மாட்டினேன். ஓட்டை விழுந்த கூரை, அதற்கு மேல் சாய்ந்த எல்ம் மரம், ஓட்டை வழியாக உள்ளே விழும் வெயில். முதல் நாளே பக்கத்துப் பண்ணை நார்வேக்காரி, ஹால்வோர்சன் பெண்சாதி, ஈஸ்ட் வாங்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு நம் பாஷை அவ்வளவாக வராது. என் பாதியைத் தொட்டுக் காட்டி, "இது வீடு" என்றாள். உன் பாதியைக் காட்டி, "இது கடை" என்றாள். ஈஸ்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்து அரைமணி நேரம் பார்த்தார். புதன்கிழமை எட்டு மைல் தள்ளியிருந்து ஒரு குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் பார்ப்பது என் பாதியைத்தான் தம்பி. உன் பாதி புதுப் பல் கட்டிக்கொண்ட கிழவன் மாதிரி இளித்துக்கொண்டு நிற்கிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே விற்பதாக இல்லை.

சரி, கேலி இருக்கட்டும். நான் ஏன் விற்கமாட்டேன் என்று உனக்கே தெரியும். நாங்கள் கிளம்பிய அன்று காலை நீ கூரையில் இருந்தாய். ஊரே வந்து வழியனுப்பியது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்லர் அண்ணன் தம்பிகள்கூட ஒரே வண்டியில் வந்தார்கள். என் கூடப்பிறந்தவன் கீழே இறங்கவில்லை. டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தாய். பாலம் தாண்டும்வரை அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்: சரியாக நடுக்கோட்டோடு உன் புதுப்பலகை நின்றிருந்தது. களத்தில் ஏழு கட்டுப் பலகை மிச்சம் இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். என் பாதிக்கு அது போதும். உனக்கு மனசு வரவில்லை.

மறுபடி விற்பனை பற்றி எழுதாதே.

உன் அக்கா (உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்),
கெசையா

பின்குறிப்பு: படத்தில் கிழக்குக் கதவில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு மாடு நிற்கிறதே, அது யார் வீட்டு மாடு?

*

வெஸ்ட் கார்பெட்
1872 அக்டோபர் 1

அக்கா,

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வருவார். அதனால் இப்படி எழுதுகிறேன். வேறு அர்த்தம் வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்றுதான் முதல் உறைபனி விழுந்தது. பூசணிக்காய்களை அவசரமாக உள்ளே தூக்கிப்போட்டேன். உன் பாதியில் அல்ல, என் பாதியில்.

நான் உன் அவமானத்தை அனுப்பினேன், நீ அதை ஆணி அடித்து மாட்டி ஊரைக் கூட்டிக் காட்டுகிறாய். ஐயோவாவில் வேறு வேலை இல்லையா? எட்டு மைல் வண்டி கட்டி வந்து ஓட்டைக் கூரையைப் பார்க்கிறவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். புதுப் பல் என்று சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அந்த அம்மாளின் கற்பனை. படம் வரைகிறவர்கள் வெறும் கதவை வெறுமனே விடமாட்டார்களாம், எதையாவது வைத்து அடைப்பார்களாம்.

நீ கிளம்பிய நாளைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கூரையில் இருந்தது உண்மை. நடுக்கோட்டோடு நிறுத்தியது உண்மை. கோட்டுக்கு அந்தப் பக்கம் உன்னுடையது.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்கவும் மாட்டேன், சரிசெய்யவும் மாட்டேன் என்றால் கட்லர் சகோதரர்கள் செய்ததைத்தான் நானும் செய்ய வேண்டியிருக்கும். அவர்கள் அப்பா வீட்டை நடுவில் அறுத்துத் தம்பி பாதியை எருது பூட்டி அடுத்த வயலுக்கு இழுத்துக்கொண்டு போகவில்லையா? நல்ல ரம்பம் ஒன்று தீட்டிவைத்திருக்கிறேன். நடுக்களத்தோடு அறுத்து என் பாதியைத் தனியாக நகர்த்திக்கொள்வேன். அப்புறம் உன் பாதி நின்றாலும் சரி, விழுந்தாலும் சரி.

ஜோதாம்

*

ஸ்டில்வெல் கிரீக்
1872 அக்டோபர் 14

கூரை மேல் உட்கார்ந்திருக்கும் கல்லுளிமங்கனுக்கு,

அறுத்துக்கொள். அறுத்துவிட்டு என் பாதியை நாற்பது ஜோடி எருது பூட்டி இங்கே இழுத்து அனுப்பிவிடு. மறக்காமல் மாட்டையும் சேர்த்து அனுப்பு.

கற்பனையாம். ஓரினின் பூதக்கண்ணாடியை வாங்கி, இரண்டு நாள் சாயங்காலம் அந்தப் படத்தின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ரொட்டி ஒருநாள் கருகியே போனது. அந்த அம்மாள் சுவரில் விழுந்துபோன பலகைகளை எண்ணி வரைந்திருக்கிறாள்: பதினொன்று. எல்ம் மரத்தின் இடிவிழுந்த கிளையை விடவில்லை. நான் பத்து வயதில் கதவுக் கீலில் கட்டிவைத்த குதிரை லாடத்தைக்கூட விடவில்லை. இவ்வளவும் பார்த்து வரைந்தவள் மாட்டை மட்டும் கனவில் கண்டாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். அந்தப் பூசணிக்காய்களைத்தான் உன் பாதியில் அடுக்கியாகிவிட்டதே.

இப்போது நான் சொல்வதைக் கேள். நம் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சிவப்பு மாடு தவிர வேறு மாடு வளர்த்ததில்லை. கிழக்குக் கதவில் நிற்பது வெள்ளை மாடு, இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பு. அதன் கழுத்தில் மணி இருக்கிறது, மணி புதுசு. இது ஒன்று.

கதவுக்கு உள்ளே, ஆணியில் நீலக் கட்டம் போட்ட ஏப்ரன் ஒன்று தொங்குகிறது. அது உன்னுடையதா? நாடாவை முன்னால் முடிச்சுப் போடுவாயா, பின்னாலா?

அப்புறம், வாசற்படியில் ஒரு ஜோடி மரச்செருப்பு. அதில் உன் பெருவிரல்கூட நுழையாது.

படத்தை அனுப்பும் முன் நீ அதை ஒருதரம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று நன்றாகத் தெரிகிறது. என் கூரை ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். ஓரின் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "உன் தம்பி தன் குட்டைத் தானே பெட்டி செஞ்சு, ஆணியடிச்சு, தபால்ல அனுப்பியிருக்கான்" என்கிறார்.

"ஆறு வருஷமாக எழுத்துப் பிசகாமல்" என்று முதல் கடிதத்தில் எழுதியவன் நீ. என் பாதியில் என்னைக் கேட்காமல் கால் வைத்திருக்கிறாய். நீ வைத்ததோடு நிற்காமல், நாலு கால் ஒன்றையும் இரண்டு கால் ஒன்றையும் கூட்டிவந்து வைத்திருக்கிறாய். அந்த இரண்டு கால் யார்? உண்மையைச் சொல்லு. அதுவரைக்கும் கூரையைப் பற்றிப் பேச்சே கிடையாது.

சாட்சி இங்கே சுவரில் நின்று புல் மென்றுகொண்டிருக்கிறது.

கெசையா

*

வெஸ்ட் கார்பெட்
1872 நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு தடவை எழுதி நாலு தடவை அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது. இதையும் போட்டால் அவளே எழுதிவிடுவதாகச் சொல்லி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் ரொசில்லா பீச்சம். எதிர் வீடு. அவள் புருஷன் பீச்சம் போர் முடிந்த மறுவருஷம் காய்ச்சலில் போனது உனக்கு நினைவிருக்கும். மிஸ் வின்ஷிப் தங்கியது அவள் வீட்டில்தான். ஜூன் மாதம் இடி விழுந்து அவள் மாட்டுக்கொட்டில் எரிந்துபோனது. மாட்டை மட்டும் அவிழ்த்துக் காப்பாற்றினோம். பெயர் டச்சஸ். அன்று ராத்திரி நல்ல மழை. என் பாதியில் வைக்கோல் கூரைவரைக்கும் அடைத்திருந்தது. உன் பாதி காலி. கூரை ஒழுகினாலும் வடக்கு மூலை நனையாது என்று எனக்குத் தெரியும். கட்டிவிட்டேன். மறுநாள் உனக்கு எழுதிக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் எழுதவில்லை. அதற்கு மறுநாளும் எழுதவில்லை. அவள் காலையிலும் சாயங்காலமும் பால் கறக்க வருவாள். எனக்கும் காலையிலும் சாயங்காலமும் அந்தப் பக்கம் வேலை இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது.

ஆகஸ்டில் அவளைக் கேட்டேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. அவள் மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: "கூடப் பொறந்தவளோட ஒரு கொட்டகையை ஆறு வருஷமா பேசித் தீத்துக்கத் தெரியாத மனுஷன், என்னோட ஒரே அடுப்புல எப்படிக் குடித்தனம் பண்ணுவீங்க? நாளைக்கு ஒரு சண்டை வந்தா கட்டில் நடுவுல கோடு கிழிச்சிடுவீங்க. மொதல்ல உங்க அக்காகிட்டப் போய்க் கேளுங்க."

அப்புறம்தான் நான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன், விலை சொல்லச் சொல்லி. உன் பதிலை அவளிடம் காட்டினேன். புதுப் பல் என்ற இடத்தில் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "உங்களை யாரு வாங்கச் சொன்னது? கேக்கறதுன்னா வாங்கறது இல்ல. கேக்கறது" என்றாள். எனக்கு வித்தியாசம் புரிய இத்தனை நாள் ஆனது.

இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள். இதை நானாக ஒருநாளும் எழுதமாட்டேன். நீ கிளம்பிய அன்று காலையில் அவள் தன் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். நான் கூரையில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம். கையில் ஆணி இல்லையாம். வெறும் பலகையை அடித்துக்கொண்டிருந்தேனாம். "ஒரு நாழி ஆணியே இல்லாம அடிச்சான் அந்த மனுஷன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டி மறையற வரைக்கும் அடிச்சான். அப்புறம் சுத்தியலைப் போட்டுட்டு அங்கயே உக்காந்துட்டான்" என்கிறாள்.

உண்மைதான். கீழே இறங்கினால் ஊர் முன்னால் அழுதுவிடுவேன் என்று இறங்கவில்லை. கூரையிலிருந்து பார்த்தால் வண்டி ரொம்ப தூரம் தெரியும். சும்மா உட்கார்ந்து பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று அடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது.

அந்த ஏழு கட்டுப் பலகையும் களத்தில் எண்ணெய்த்துணி போர்த்தி அப்படியேதான் இருக்கிறது. போன வருஷம் கோழிக்கூண்டுக்குப் பலகை தேவைப்பட்டபோதுகூட அதைத் தொடவில்லை, வெளியில் வாங்கினேன். உன் பாதிக்கு என்று எடுத்துவைத்தது. உன்னைக் கேட்க வாய் வரவில்லை. நாள் ஆக ஆகக் கேட்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இப்போது நிலைமை இது. ரொசில்லாவின் அண்ணன் லோவல் ஊரில் நூற்பாலையில் மேஸ்திரி. கொட்டில் இல்லாமல் தனியாகக் குளிர்காலத்தை எப்படித் தள்ளுவாள் என்று, இந்த மாதக் கடைசியில் நன்றித் திருநாளுக்கு முன்னால் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக எழுதிவிட்டார். மாட்டை விற்றுவிடச் சொல்லியிருக்கிறார். அவளும் டிரங்குப் பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்திருக்கிறாள். போகவா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். நான் சொல்வதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டுமாம். அவள் போய்விட்டால் இந்தக் கொட்டகை முழுசாக நின்று எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை அக்கா. ரெண்டு பாதியும் சேர்ந்து விழட்டும்.

அதனால் விற்றுவிடு என்று சொல்லவில்லை. கேட்கிறேன். உன் பாதிக்கு நான் கூரை போடட்டுமா?

உன் தம்பி,
ஜோதாம்

*

ஸ்டில்வெல் கிரீக்
1872 நவம்பர் 13

என் ஜோதாமுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சோப்புக் கையோடு படித்தேன். ஆணி என்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம் அந்தச் சத்தம் என் காதிலேயே இருந்தது தம்பி. முதல் குளிர்காலத்தில், கதவை அடைத்துப் பனி நின்ற நாட்களில், கோபம் வேண்டும் என்றால் அதை நினைத்துக்கொள்வேன், உடம்பு சூடாகிவிடும். அது ஆணி இல்லாத சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓரினிடம் சொன்னேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார். வாளியில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியிலிருந்து இறங்கி, அந்த ஏணியில் ஏறி உன் காதைத் திருகியிருக்க வேண்டும். இறங்கவில்லை. நீ வரட்டும் என்று இருந்துவிட்டேன். வீம்பில் நான் உனக்கு அக்காதான்.

இனி நம் காரியம். இன்று காலை ஓரினோடு பதிவாளர் வீட்டுக்குப் போய் ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு இருக்கிறது. பார்த்தவுடன் துள்ளிக் குதிக்காதே, நிதானமாகப் படி. வெஸ்ட் கார்பெட்டில் உள்ள பழைய கொட்டகையின் கிழக்குப் பாதியை, கதவு, லாடம், பதினொரு இல்லாத பலகைகள் உட்பட, ரொசில்லா பீச்சத்துக்கு நான் கொடுத்துவிட்டேன். விற்கவில்லை, கொடுத்துவிட்டேன். உனக்குக் கிடையாது. அவள் உன்னைக் கல்யாணம் செய்துகொண்டாலும் அவளுடையது, செய்துகொள்ளாவிட்டாலும் அவளுடையது. லோவலுக்குப் போனாலும் அவளுடையதுதான், ஆனால் போகமாட்டாள் என்று நினைக்கிறேன். சொந்த இடம் இருக்கும்போது மாட்டை ஏன் விற்க வேண்டும்?

கூரை போடலாமா என்று கேட்டாயே, அதை இனி அவளிடம் கேள். அப்பா உயிலில் எழுதியதெல்லாம் அவளுக்கும் உண்டு: நடுக்களத்தில் வண்டி ஓட்டலாம், கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

ரொசில்லாவிடம் சொல்: நீலக் கட்ட ஏப்ரன் படத்தில் ரொம்ப அழகாக விழுந்திருக்கிறது. டச்சஸைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவள் பெயரையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். ஹால்வோர்சன் பெண்சாதி, "கல்யாணமா? கல்யாணமா?" என்று நேற்றிலிருந்து இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஈஸ்ட் ஒரு சாக்கு.

படத்தைத் திருப்பி அனுப்பமாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து புதுப் பலகை போடுங்கள், சிவப்புச் சாயம் பூசுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். என் சுவரில் அது ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பின்பக்கம் நீ எழுதியதை மட்டும் அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன். என்னவென்று நேரில் வந்தால் காட்டுகிறேன்.

சீக்கிரம் ஏணியில் ஏறு. இந்த முறை ஆணி எடுத்துக்கொண்டு போ.

உன் அக்கா,
கெசையா

*

வெஸ்ட் கார்பெட்
1872 டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உன் பத்திரம் நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. ரொசில்லா அதை மூன்று தரம் படித்தாள். படித்துவிட்டு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எழுந்து போய் டிரங்குப் பெட்டியை மூடினாள்.

திங்கட்கிழமை பொழுது விடிவதற்குள் அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர் ஏணியோடு வந்துவிட்டார்கள். கட்லர் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கூரையில் ஏறினார்கள். ஊரே பார்க்க வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரொசில்லாவின் அண்ணன் அவளைக் கூட்டிப்போக லோவலிலிருந்து வந்து இறங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவர் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டார்கள். நூற்பாலை மேஸ்திரி நன்றாகத்தான் அடிக்கிறார், கட்டைவிரலை மட்டும் இரண்டு தரம் நசுக்கிக்கொண்டார். ஏழு கட்டில் ஆறு கட்டு பயன்பட்டது, ஒன்று மிச்சம். வியாழக்கிழமை நன்றித் திருநாள். வான்கோழி வெந்துகொண்டிருக்கும்போதே பனி விழ ஆரம்பித்து மறுநாள் மாலைவரை கொட்டியது. இடுப்பளவு. சனிக்கிழமை கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரு சத்தம் இல்லை.

பக்கச் சுவரின் பதினொரு பலகையையும் போட்டுவிட்டேன். சாயம் மட்டும் அடிக்கவில்லை. உன் பாதி, இல்லை, அவள் பாதி, பழைய சாம்பல் நிறத்திலேயே இருக்கட்டும் என்கிறாள். மிஸ் வின்ஷிப் ஜூலையில் மறுபடி வருகிறாளாம்.

போன வியாழக்கிழமை, ஐந்தாம் தேதி, எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. போதகர் "ஆசி கூற உறவினர் யாரேனும் உண்டா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரொசில்லா உன் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத பதினொரு பலகைவரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டார். தேவாலயத்தில் இத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன் என்று அவள் சொல்கிறாள். எனக்கு முன்னால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இந்த முறை கூரையில் இல்லாததால் ஒளிய இடம் கிடைக்கவில்லை.

அடுத்த அறுவடை முடிந்ததும் இரண்டு பேரும் ரயிலில் அங்கே வருகிறோம். படத்தின் முதுகில் என்ன எழுதினாய் என்று பார்க்க வேண்டும். மிச்சமான அந்த ஒரு கட்டுப் பலகையையும் கொண்டுவரட்டுமா?

இப்போது இந்தக் கடிதத்தின் உண்மையான காரணம். இன்று காலை டச்சஸுக்கு வைக்கோல் போடக் கிழக்குக் கதவுப் பக்கம் போனேன். ரொசில்லா வாசற்படியில் பால் வாளியோடு, நீலக் கட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு குறுக்கே நின்றாள். பத்திரத்தின்படி கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும் என்றாள். சரி என்று தொப்பியை எடுத்துவிட்டு, "உள்ள வரட்டுமா?" என்று முறையாகக் கேட்டேன்.

"உங்க குடும்பத்துல இதையெல்லாம் கடுதாசி எழுதித்தானே கேக்கறது? உங்க அக்காவுக்கு எழுதிக் கேளுங்க. பதில் வரட்டும்" என்றாள்.

நான் இப்போது நடுக்களத்தில் ஏழாவது கட்டின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கை விறைக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே அவள் மாட்டோடு பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. சீக்கிரம் பதில் போடு அக்கா.

உன் தம்பி,
ஜோதாம்